காலில் இரத்தக்கட்டி: இரவில் எடுத்த ஐந்து நிமிட ஸ்கேனை எவ்வளவு நம்பலாம்?

மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்டியில் கருப்பை அகற்றும் சத்திரசிகிச்சை முடித்துக்கொண்டு பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்துக்குத் திரும்பி மூன்று கிழமையான உங்கள் அம்மாவுக்கு, இடது கால் திடீரென்று வீங்கி, கெண்டைக்காலைத் தொடவே விடாத அளவுக்கு வலி எடுத்திருக்கிறது. இரவோடு இரவாக, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவ செரிய அம்புலன்ஸில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோயிருக்கிறீர்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த வைத்தியர் இரண்டு கால்களையும் நாடாவால் அளந்து, இரத்தம் எடுத்து, பிறகு ஒரு சிறிய ஸ்கேன் இயந்திரத்தைக் கட்டிலருகே தள்ளிக்கொண்டு வந்து, தொடையிடுக்கிலும் தொடையிலும் முழங்காலுக்குப் பின்னாலும் அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கிறார். பெரிய நாளங்களில் கட்டி இல்லை, டீ-டைமர் என்ற இரத்தப் பரிசோதனை மட்டும் கூடுதலாக வந்திருக்கிறது, ஒரு கிழமையில் கட்டாயம் திரும்ப வந்து மறுபடி ஸ்கேன் பண்ண வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். கலர் ஸ்கேன் எடுக்கவில்லை, கண்டிக்கும் அனுப்பவில்லை. ஏனோதானோவென்று பார்த்து அனுப்பிவிட்டார்கள் என்று உங்கள் மாமா கோபப்படுகிறார். வீக்கம் பாதி வற்றிவிட்டதால் இனி எதற்கு அலைய வேண்டும் என்கிறார் அம்மா. கூடப் போனால் உங்களுக்கு ஒரு நாள் பேர் (தோட்டத்து நாட்கூலி) போகும். அந்த ஸ்கேனை நம்பலாமா, திரும்பப் போகத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம்பலாம், திரும்பப் போகத்தான் வேண்டும். இந்த இரண்டு விடைகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. அந்த இரவு வைத்தியர் பார்த்தது ஒரு பரிசோதனையின் முதற்பாதி. ஒரு கிழமை கழித்துப் பார்க்கப்போவது அதே பரிசோதனையின் மறுபாதி. இரண்டாவதைச் செய்யாவிட்டால் முதலாவது சொன்ன "இல்லை" என்ற சொல்லை முழுமையான "இல்லை" என்று எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் அம்மாவின் காலை நான் பார்க்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வரிசையைப் பார்த்தால், அந்த வைத்தியர் செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டிய முறையில் செய்திருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

காலிலிருந்து இதயத்துக்கு இரத்தம் மேல்நோக்கி ஏற வேண்டும். அதைத் தள்ளி ஏற்றுவது பெரும்பாலும் கெண்டைக்கால் தசைதான்: நடக்கும்போது அது சுருங்கி, தசைக்குள் ஆழத்தில் இருக்கும் நாளங்களை, அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுபோகும் குழாய்களை, பிழிகிறது. நாம் வீட்டில் நரம்பு என்று சொல்லும், தோலுக்கு அடியில் புடைத்துத் தெரியும் நாளங்கள் வேறு. இங்கே பேச்சு ஆழத்தில் இருக்கும் நாளங்களைப் பற்றியது. இரத்த ஓட்டம் மந்தமாவது, நாளத்தின் உட்சுவர் சேதமாவது, இரத்தமே எளிதில் உறையும் நிலைக்கு மாறுவது ஆகிய மூன்றும் கட்டி உண்டாவதற்கான காரணங்கள் என்ற விளக்கத்துக்கு அடிப்படை 1856ஆம் ஆண்டு ஜேர்மன் வைத்தியர் ருடோல்ஃப் விர்ஷோவின் ஆய்வுகளில் இருக்கிறது. இன்றைக்கும் இந்த நோயைப் பற்றிய சிந்தனை அங்கிருந்துதான் தொடங்குகிறது. வயிற்றில் பெரிய சத்திரசிகிச்சை நடந்த ஒருவருக்கு இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை ஒரே நேரத்தில் பொருந்திவிடுகின்றன. படுக்கையில் கிடந்ததால் தசை வேலை செய்யவில்லை. காயத்தை ஆற்றும் முயற்சியில் உடலே இரத்தத்தை உறையத் தூண்டி வைத்திருக்கிறது. அந்த ஆபத்து ஆஸ்பத்திரியை விட்டு வந்த அன்றோடு முடிவதில்லை, பல கிழமைகளுக்கு நீள்கிறது. ஆகவே மூன்றாவது கிழமையில் ஒரு கால் மட்டும் வீங்கினால், அது வேறு எதுவாகவும் இருக்கக்கூடும் என்றாலும், கட்டியை முதலில் நினைப்பதுதான் முறை.

இப்படிப்பட்ட கட்டிகள் பெரும்பாலும் கெண்டைக்காலின் சிறிய நாளங்களில் தொடங்குகின்றன. அங்கேயே நின்று, உடலாலேயே கரைந்துபோகிறவை பல. சில மட்டும் மேல்நோக்கி வளர்ந்து முழங்காலுக்குப் பின்னாலும் தொடையிலும் உள்ள பெரிய நாளங்களை எட்டுகின்றன. அங்கிருந்து ஒரு துண்டு பிரிந்து இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரல் நாடியை (நாடி என்பது இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய்) போய் அடைத்தால், சில நிமிடங்களில் உயிர் போகலாம். எனவே, நள்ளிரவில் நிற்கும் வைத்தியர் மிக அவசரமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: முழங்காலுக்கு மேலே இப்போது கட்டி இருக்கிறதா? கட்டிலருகே செய்யும் அந்தச் சிறிய ஸ்கேன் இந்த ஒரு கேள்விக்கு விடை சொல்வதற்கென்றே வடிவமைக்கப்பட்டது.

வெறும் கண்ணாலும் கையாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் அப்படித்தான் முயன்றார்கள். பாதத்தை மேல்நோக்கி மடக்கும்போது கெண்டைக்கால் வலித்தால் கட்டி இருக்கிறது என்று, ஜோன் ஹோமன்ஸ் என்ற அமெரிக்கச் சத்திரசிகிச்சை வைத்தியரின் பெயரால் வழங்கும் அடையாளம் ஒன்று தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கப்பட்டது. கட்டி இருப்பவர்களில் பலருக்கு அது வருவதில்லை. தசை பிடித்தவர்களுக்கும் காயம் பட்டவர்களுக்கும் வந்துவிடுகிறது. அதை மட்டும் நம்பி ஒருவரை வீட்டுக்கு அனுப்புவதும் சரியில்லை, மருந்து தொடங்குவதும் சரியில்லை.

இனி அந்த ஐந்து நிமிடத்தில் என்ன நடந்தது என்று பார்ப்போம். முதலில் கட்டிலின் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்துவார்கள். அப்போதுதான் காலின் நாளங்களில் இரத்தம் நிறைந்து அவை திரையில் நன்றாகத் தெரியும். முழங்காலைச் சற்று மடக்கி வெளிப்புறமாகச் சாய்த்து வைப்பார்கள். பிறகு ஜெல் பூசுவார்கள். மார்கழி, தை இரவுகளில் அந்த ஜெல் பனிக்கட்டி போலக் குளிர்ந்திருக்கும். குளிரில் தொடைத் தசை விறைத்துக்கொண்டால் அழுத்திப் பார்ப்பது கடினமாகிவிடும் என்பதற்காக, போத்தலைச் சுடுதண்ணீர்க் கோப்பையில் நிறுத்தி வைக்கும் தாதியரைப் பார்த்திருக்கிறேன். நேர்க்கோட்டு முகம் கொண்ட, ஆழமில்லாத இடங்களைத் தெளிவாகக் காட்டும் புரோப்பை (ஸ்கேன் இயந்திரத்தில் தோலின் மேல் வைத்துப் பார்க்கும் கைக்கருவியை) தொடையிடுக்கில் குறுக்காக வைத்தவுடன், திரையில் இரண்டு கறுப்பு வட்டங்கள் அருகருகே தெரியும். உடலின் உட்பக்கமாக இருப்பது நாளம், வெளிப்பக்கமாக இருப்பது நாடி. நாடி துடிக்கும். இனி வைத்தியர் புரோப்பால் நேராகக் கீழ்நோக்கி அழுத்துகிறார்.

நுவரெலியாப் பக்கம் மரக்கறித் தோட்டங்களில் தண்ணீர் இறைக்கும் மெல்லிய குழாயை மிதித்தால் அது அப்படியே தட்டையாகிவிடும். உள்ளே சேறு அடைத்திருந்தால் மிதித்தாலும் தட்டையாகாது. நாளமும் அப்படித்தான். சுவர் மெல்லியது, உள்ளே அழுத்தம் குறைவு. நாடியின் சுவர் இலேசாக உள்வாங்கும் அளவுக்கு அழுத்தும்போது, ஆரோக்கியமான நாளத்தின் முன்சுவரும் பின்சுவரும் ஒன்றையொன்று தொட்டு, அந்தக் கறுப்பு வட்டம் திரையிலிருந்து முற்றாக மறைந்துபோகும். அப்படி மறையாமல், பாதி நசுங்கி நின்றாலும் சரி, அசையாமல் வட்டமாகவே நின்றாலும் சரி, உள்ளே ஏதோ இருக்கிறது. கட்டியையே கண்ணால் காண வேண்டும் என்பதில்லை. புதிதாக உண்டான கட்டி இரத்தத்தைப் போலவே கறுப்பாகத் தெரிந்து கண்ணை ஏமாற்றக்கூடியது. மூடுகிறதா, மூடவில்லையா என்பதுதான் தீர்ப்பு. தொடையிடுக்கில் தொடங்கி, மேலோட்ட நாளம் வந்து சேரும் இடத்துக்கு மேலும் கீழும் விரற்கடை விரற்கடையாக நகர்ந்து அழுத்திப் பார்த்துவிட்டு, தொடையின் உட்புறமாக இறங்கி, பிறகு முழங்காலின் பின்பள்ளத்தில், நாளம் மூன்றாகப் பிரியும் இடம் வரை இதையே திரும்பத் திரும்பச் செய்வார்கள். "அழுத்தி அழுத்திப் பார்த்தார்" என்று நீங்கள் எழுதியது இதைத்தான். அழுத்தாமல் வெறுமனே புரோப்பை ஓட்டிவிட்டுப் போயிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

கலர் ஸ்கேன் எடுக்காதது குறை என்று மாமா நினைக்கிறார். நிறம், இரத்தம் ஓடும் திசையையும் வேகத்தையும் காட்டும்; பருத்த உடலிலும் மிக வீங்கிய காலிலும் நாளத்தைத் தேடிப் பிடிக்க உதவும்; இடுப்புக்குள் அடைப்பு இருக்கிறதா என்று ஊகிக்கவும் கைகொடுக்கும். ஆனால் தொடையிலும் முழங்காலிலும் கட்டி உண்டா இல்லையா என்பதற்கு அழுத்திப் பார்ப்பதே முதன்மையான சான்று. 1989இலேயே நெதர்லாந்து ஆய்வாளர்கள், நாளத்துக்குள் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டு, இந்த எளிய அழுத்தற் சோதனை எவ்வளவு நம்பகமானது என்று காட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அந்த வலிமிகுந்த எக்ஸ்ரே மெல்ல மெல்ல வழக்கொழிந்தது.

கதிரியக்கப் பிரிவு நிபுணர் அல்லாமல் அவசரப் பிரிவு வைத்தியரே செய்தால் சரியாக வருமா என்பது அடுத்த சந்தேகம், நியாயமான சந்தேகம். 2013இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, 16 ஆய்வுகளில் 2,379 நோயாளர்களைச் சேர்த்துப் பார்த்தது. அவசரப் பிரிவு வைத்தியர்கள் கட்டிலருகே செய்த ஸ்கேன், கட்டி இருந்தவர்களில் ஏறத்தாழ 96 வீதமானோரைச் சரியாகப் பிடித்தது. கட்டி இல்லாதவர்களில் ஏறத்தாழ 97 வீதமானோருக்கு இல்லை என்று சரியாகச் சொன்னது. இது மிக நல்ல பெறுபேறு. அந்த ஆய்வுகளில் பங்குகொண்டவர்கள் பயிற்சி பெற்றவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எப்போதாவது ஒருமுறை புரோப்பை எடுப்பவருக்கு இந்த எண்கள் பொருந்தா. எனினும், இது பழகிக்கொள்ளக் கூடிய திறமை. இதயத்தையோ வயிற்றையோ ஸ்கேன் செய்து படிப்பதைவிட இதற்குத் தேவைப்படும் பயிற்சி குறைவு.

இவ்வளவு நல்ல சோதனை என்றால் எதற்குத் திரும்பப் போக வேண்டும்? உங்கள் கேள்வியின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. அந்த ஸ்கேன் பார்த்த இடத்தைத்தான் பார்த்தது. கெண்டைக்காலுக்குள் இருக்கும் சிறிய நாளங்களை அது பார்க்கவில்லை; அவை பல, மெல்லியவை, இரட்டை இரட்டையாக ஓடுபவை; அவற்றை முழுவதும் பார்க்க நேரமும் அனுபவமும் வேண்டும். உங்கள் அம்மாவுக்கு வலி இருந்ததோ கெண்டைக்காலில்தான். அங்கே ஒரு கட்டி அன்றிரவே இருந்திருக்கலாம். அது இந்த ஒரு கிழமைக்குள் கரைந்தும் போகலாம், முழங்காலைத் தாண்டி மேலே ஏறியும் வரலாம். ஏறி வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் ஓரிரு கிழமைகளில் ஏறிவிடும். ஆகவேதான் அந்த இடைவெளியில் இரண்டாவது ஸ்கேன். அன்றைக்கும் முழங்காலுக்கு மேலே எல்லா நாளங்களும் முழுதாக மூடினால், கட்டி ஏறவில்லை என்று ஆறுதலோடு இருக்கலாம். வீக்கம் வற்றியதை வைத்து இதை முடிவுசெய்ய முடியாது. காலை உயர்த்தி வைத்துப் படுத்திருந்தாலே வீக்கம் வற்றும். அடைப்பைச் சுற்றி வேறு வழிகளில் இரத்தம் ஓடத் தொடங்கினாலும் வற்றும்.

எல்லாரையும் இப்படித் திரும்ப வரச் சொல்வதில்லை. யாரைச் சொல்ல வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கனடாவின் வைத்தியர் பிலிப் வெல்ஸும் அவருடைய குழுவினரும் 1990களில் உருவாக்கி, 2003இல் திருத்திய புள்ளி முறை அது. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பது, காலுக்குப் பிளாஸ்டர் போட்டிருப்பது அல்லது கால் செயலிழந்திருப்பது, 12 கிழமைகளுக்குள் பெரிய சத்திரசிகிச்சை நடந்திருப்பது அல்லது அண்மையில் மூன்று நாட்களாவது படுக்கையில் கிடந்தது, ஆழ்நாளங்கள் ஓடும் பாதையில் தொட்டால் வலிப்பது, முழுக் காலும் வீங்கியிருப்பது, ஒரு கெண்டைக்கால் மற்றதைவிட 3 சென்டிமீற்றருக்கு மேல் பருத்திருப்பது, விரலால் அழுத்தினால் அந்தக் காலில் மட்டும் குழி விழுவது, தோலின் மேல் புதிதாக நாளங்கள் தெரிவது, முன்னரும் இதே நோய் வந்திருப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. வேறொரு காரணம் அதே அளவுக்குப் பொருந்துமானால் இரண்டு புள்ளியைக் கழிக்க வேண்டும். மொத்தம் இரண்டோ அதற்கு மேலோ வந்தால் கட்டி இருக்க வாய்ப்பு அதிகம். வைத்தியர் நாடாவை எடுத்து, முழங்காலுக்குக் கீழே கையில் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 சென்டிமீற்றர் இறக்கி, இரண்டு கால்களையும் அளந்தது இந்தக் கணக்குக்காகத்தான். உங்கள் அம்மாவுக்குச் சத்திரசிகிச்சைக்கு ஒன்று, கெண்டைக்கால் வலிக்கு ஒன்று என்று இரண்டு புள்ளிகள் வந்துவிட்டன. அளவிலும் வித்தியாசம் இருந்திருந்தால் மூன்று.

டீ-டைமர் என்பது, உடலில் எங்காவது இரத்தம் உறைந்து கரையும்போது வெளிப்படும் ஒரு பொருளின் அளவு. அது குறைவாக இருந்தால், புள்ளியும் குறைவாக உள்ளவருக்கு ஸ்கேன்கூடத் தேவைப்படாது. கூடியிருந்தால் அதை வைத்து எதையும் உறுதிசெய்ய முடியாது. சத்திரசிகிச்சைக்குப் பிறகும், கர்ப்பத்திலும், கிருமித் தொற்றிலும், முதுமையிலும் அது கூடித்தான் இருக்கும். புள்ளி அதிகம், தொடை வரையிலான ஸ்கேனில் கட்டி இல்லை, ஆனால் டீ-டைமர் கூடியிருக்கிறது என்ற நிலையில், பிரித்தானியாவின் நைஸ் (NICE) என்ற மருத்துவ வழிகாட்டல் நிறுவனம் 6 முதல் 8 நாட்களுக்குள் ஸ்கேனைத் திரும்பச் செய்யச் சொல்கிறது. அமெரிக்கக் கதிரியக்க அல்ட்ராசவுண்ட் நிபுணர்களின் 2018ஆம் ஆண்டு இணக்க அறிக்கையும், தொடை முதல் முழங்கால் வரை மட்டும் பார்த்திருந்தால் ஐந்து முதல் ஏழு நாட்களில் மறுபடி பார்க்கச் சொல்கிறது. உங்கள் வைத்தியர் சொன்ன "ஒரு கிழமை" இதுவேதான்.

கண்டிக்கு ஏன் அன்றிரவே அனுப்பவில்லை? கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாக இருட்டிலும் மூடுபனியிலும் இறங்கிப் போக வேண்டும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் தென்மேல் பருவமழையில் மண்சரியும் பயமும் உண்டு. தொடையில் கட்டி இல்லை என்று தெரிந்த ஒருவரை, மூச்சும் நாடித்துடிப்பும் ஒட்சிசன் அளவும் சரியாக இருக்கும்போது, அந்த வழியில் இரவில் அனுப்புவதால் வரும் பயன் சிறிது. தொடையில் கட்டி தெரிந்திருந்தாலும், அதே இடத்தில், அதே மணித்தியாலத்தில் முதல் ஊசியைப் போட்டுவிடலாம். மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம். மலையகத்தில் இந்தச் சிறிய இயந்திரத்தின் மதிப்பு எனக்கு இங்கேதான் தெரிகிறது. ஸ்கேன் அறை பூட்டியிருக்கும் நேரத்தில், யாருக்கு அம்புலன்ஸ் வேண்டும், யாருக்கு ஊசி வேண்டும், யார் வீட்டுக்குப் போகலாம் என்று பிரித்துக்கொள்ள அது உதவுகிறது. இயந்திரமோ அதைக் கையாளத் தெரிந்தவரோ இல்லாத இடத்தில், சந்தேகம் வலுவாக இருந்து இரத்தப்போக்கு ஆபத்தும் இல்லையென்றால், உறைவு தடுக்கும் மருந்தின் ஒரு வேளை அளவைக் கொடுத்துவிட்டு 24 மணித்தியாலத்துக்குள் ஸ்கேன் எடுப்பதுதான் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழி. சத்திரசிகிச்சை முடிந்து சில கிழமைகளே ஆனவருக்கு அதையும் யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

திரும்பப் போக முடியாது என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால், அதை வைத்தியரிடம் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். இனி யாருக்கு இந்த நிலை வந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள். சொன்னால் வேறு வழி உண்டு: அடுத்த நாள் காலை வரை வார்ட்டில் வைத்திருந்து, கதிரியக்கப் பிரிவில் தொடையிடுக்கு முதல் கணுக்கால் வரை முழுக் காலையும் பார்த்துவிடலாம். முழுக் காலும் சரியாக இருந்தால் இரண்டாவது ஸ்கேன் பொதுவாகத் தேவையில்லை. அப்படி ஒரே ஸ்கேனோடு, மருந்தில்லாமல் அனுப்பப்பட்டவர்களை மூன்று மாதம் கண்காணித்த ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியான கணக்கில், பின்னர் கட்டி தெரியவந்தவர்கள் நூற்றுக்கு ஒருவரைவிடக் குறைவு. ஒரு நாள் பேரும், இரண்டு பஸ் மாறிப் போகும் செலவும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுவதும் நோயாளியின் சொந்தப் பிரச்சினை என்று வைத்தியர் ஒதுக்கிவிட முடியாது. அவர் தெரிவுசெய்யும் பரிசோதனை வேலை செய்யுமா இல்லையா என்பதையே அவைதான் தீர்மானிக்கின்றன. தோட்டத்திலிருந்து வரும் ஒருவர் எட்டாம் நாள் வரமாட்டார் என்று தெரிந்தும் பாதி ஸ்கேனோடு அனுப்புவதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

இளம் வைத்தியர்கள் யாராவது இதை வாசித்தால் அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் டயக்னோசிஸ் கார்டில் "டீவீடி (ஆழ்நாள இரத்தக்கட்டி) இல்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். பொதுத் தொடை நாளம், தொடை நாளம், முழங்காற்பின் நாளம் ஆகியவை முழுதாக மூடின, கெண்டைக்கால் பார்க்கப்படவில்லை, இந்தத் திகதியில் இந்தக் கிளினிக்கில் மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள். தொடையிடுக்கையும் முழங்காலையும் மட்டும் பார்த்துவிட்டு நடுத்தொடையை விட்டுவிடாதீர்கள்; அங்கே மட்டும் தனியாக நிற்கும் கட்டிகள் அரிது என்றாலும் உண்டு. தொடையிடுக்கில் வீங்கிய நிணநீர்க்கணு அழுத்தினால் மூடாது, அதைக் கட்டி என்று எண்ணி ஏமாறலாம்; புரோப்பை மேலும் கீழும் நகர்த்தினால் கணு முடிந்துவிடும், நாளம் தொடரும். ஒருமுறை கட்டி தெரிந்துவிட்டால் அதே இடத்தைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள்.

கர்ப்பிணிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு வரும் கட்டி பெரும்பாலும் இடது காலில் வருகிறது. காரணம், இடது இடுப்பு நாளத்தை அதன் மேலாகக் குறுக்கே போகும் வலது இடுப்பு நாடி ஏற்கெனவே அழுத்திக்கொண்டிருக்கிறது, வளரும் கருப்பையும் சேர்ந்து அழுத்துகிறது. கட்டி இடுப்புக்குள்ளேயே தொடங்கலாம். புரோப்பால் இடுப்பு எலும்புக்குள் அழுத்த முடியாது. தொடையிலிருந்து முழங்கால் வரை எல்லாம் மூடியும் முழுக் காலும் தொடை வரை வீங்கியிருக்கும் கர்ப்பிணியையோ பிள்ளை பெற்று ஆறு கிழமைக்குள் இருக்கும் தாயையோ, கட்டிலருகே எடுத்த ஸ்கேனை மட்டும் வைத்து வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அப்படி ஒருவருக்கு நடந்தால் குடும்பத்தார் இதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

கால் வீங்கினால் எல்லாமே கட்டிதானா? இல்லை. நம் மலைகளில் மிக அதிகமாகக் காண்பது தோலில் வரும் கிருமித் தொற்று. அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணாகி, அதற்குள் கிருமி புகுந்து, கால் சிவந்து கொதித்து, காய்ச்சலோடு வருபவர்கள் பலர். அட்டை கடித்ததால் இரத்தம் கட்டிவிட்டது என்று சிலர் சொல்வார்கள். உண்மையில் அட்டையின் உமிழ்நீரில் இரத்தத்தை உறையவிடாத பொருள்தான் இருக்கிறது, கடிவாயில் நெடுநேரம் இரத்தம் கசிவதும் அதனால்தான். நாளெல்லாம் சரிவில் நின்று கொழுந்து பறித்தவர்களுக்கு நரம்புச் சுருள் வருவதும் சாதாரணம். அது மாலையில் இரண்டு காலும் கனத்து வீங்கும் நோய், ஒரே இரவில் ஒரு கால் மட்டும் வீங்குவது அதன் இயல்பு இல்லை. முழங்காலுக்குப் பின்னால் நீர்ப்பை உடைந்து கெண்டைக்காலுக்குள் இறங்குவதும், தசை கிழிவதும் கட்டியைப் போலவே நடிக்கும். ஸ்கேன் வைத்துப் பார்க்கும்போது இவற்றில் சில தாமாகவே வெளிப்பட்டுவிடும்.

இரண்டாவது ஸ்கேன் வரையில் அம்மாவின் காலைச் சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு உருவ விடாதீர்கள். இதை நான் மிக அழுத்தமாகச் சொல்கிறேன். சுளுக்கு வழிப்பவர்கள் நல்ல மனத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் உள்ளே கட்டி இருந்தால், கீழிருந்து மேலாக உருவுவது அதைப் பெயர்த்து அனுப்பக்கூடும். படுக்கையிலேயே கிடக்கவும் வேண்டாம். வலி பொறுக்கும் அளவுக்கு வீட்டுக்குள் நடக்கட்டும், நன்றாகத் தண்ணீர் குடிக்கட்டும், உட்காரும்போது காலை உயர்த்தி வைக்கட்டும். திடீரென்று மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தினாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ, மயங்கி விழுந்தாலோ, கால் முழுவதும் நீலம் பாய்ந்து கடுமையாக வலித்தாலோ, குறித்த திகதிக்குக் காத்திருக்காமல் அந்த நிமிடமே 1990க்கு அழையுங்கள். சேவை இலவசம், "அண்மையில் ஒப்பரேஷன் நடந்தவர், காலில் இரத்தக்கட்டி சந்தேகம்" என்று தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது ஸ்கேனில் கட்டி தெரிந்தால் பயந்துபோக வேண்டாம். உடல் நிறைக்கு ஏற்ப அளந்து தோலுக்கடியில் போடும் எனொக்சாபரின் ஊசியோ, ரிவரொக்சபான் போன்ற குளிசையோ தொடங்குவார்கள். குறைந்தது மூன்று மாதம் தொடர வேண்டும். இந்த மருந்துகள் முக்கியமாகச் செய்வது கட்டி மேலும் வளராமல் தடுப்பது. இருக்கும் கட்டியை உடல் தானே மெல்லக் கரைத்துக்கொள்ளும். வார்ஃபரின் கொடுத்தால் ஐ.என்.ஆர் என்ற இரத்தப் பரிசோதனைக்கு அடிக்கடி போய்வர வேண்டும், அந்த அளவு 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். வாராவாரம் தோட்டத்திலிருந்து இறங்குவது முடியாத காரியம் என்றால், அதையும் வைத்தியரிடம் சொல்லி, அந்தப் பரிசோதனை தேவைப்படாத குளிசை கிடைக்குமா என்று கேளுங்கள். மருந்து எடுக்கும் காலத்தில், கடையில் விற்கும் டைக்குளோஃபெனக் போன்ற வலிக்குளிசைகளைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் வயிற்றுக்குள் இரத்தம் கசியலாம்.

போகும் நாளில் கண்டியில் கொடுத்த டயக்னோசிஸ் கார்டையும், அன்றிரவு கொடுத்த துண்டையும், அம்மா குடிக்கும் எல்லா மருந்துகளையும் எடுத்துப் போங்கள். காலையிலேயே போய், "போன கிழமை இரவு தொடை வரைக்கும் ஸ்கேன் பண்ணினார்கள், இன்றைக்குத் திரும்பப் பார்க்கச் சொன்னார்கள்" என்று வரவேற்பிலேயே சொல்லுங்கள். கதிரியக்கப் பிரிவு திறந்திருந்தால் கெண்டைக்காலையும் சேர்த்து முழுக் காலையும் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். பார்த்து எல்லாம் சரி என்றால், வேறு புதிய அறிகுறி வந்தாலொழிய அந்தக் காலுக்காக மூன்றாவது முறை நீங்கள் இறங்க வேண்டியதில்லை.